தேன்மெழுகில் கிரீஸ் தயாரிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஏழு வருடம் துபாயில் ஒரு குடிதண்ணீர் பாட்டில் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்தேன். அங்கே கன்வேயர் செயினுக்கு ஃபுட் கிரேடு லூப்ரிகன்ட் (தவறி உணவில் பட்டாலும் பரவாயில்லை என்கிற மசகுப் பொருள்) தவிர வேறெதையும் தொட விடமாட்டார்கள். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவிடம் 180 தேன்பெட்டி இருக்கிறது. இயற்கை மெழுகுக்கும் உணவு ஆலைகளுக்கான லூப்ரிகன்டுக்கும் உலகச் சந்தை வருடா வருடம் வளர்கிறது என்று ஒரு அறிக்கையில் படித்தேன். நம் தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து ஃபுட் கிரேடு கிரீஸ் தயாரித்து அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ஐஸ் பிளான்ட், சிப்ஸ் போடுகிற இடங்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று திட்டம். 18 லட்சம் லோனுக்கு ஒரு கன்சல்டன்ட் ஃபைல் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார். இறங்கலாமா? என்ன சர்டிபிகேட் வேண்டும்?

பதில்: தம்பி, கன்சல்டன்டிடம் சொல்லி அந்த ஃபைலை இப்போதைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள். கிரீஸ் தயாரிப்பு உங்களுக்கு வேண்டாம். மெழுகு வேண்டும், லூப்ரிகேஷன் வேலையும் வேண்டும், இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்கத்தான் வேண்டாம் என்கிறேன். 26 வருடமாக ஆயிலும் கிரீஸும் விற்று, விற்ற இடத்தில் மெஷின் நின்றால் திட்டும் வாங்கிப் பிழைக்கிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெழுகுக் கணக்கு. பெட்டிக்குச் சராசரியாக 12 கிலோ தேன் என்று வைத்துக்கொள்வோம். 180 பெட்டிக்கு 2160 கிலோ. தேன் எடுக்கும்போது அடையின் மூடியைக் கத்தியால் சீவுகிறோமே, அந்தச் சீவலில் இருந்து வருவதுதான் நல்ல மெழுகு. அது 100 கிலோ தேனுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை கிலோ. ஆக 22 முதல் 32 கிலோ. கறுத்த பழைய அடைகளையும் உருக்கினால் 40 கிலோ வரலாம், அதுவும் மெழுகு அந்துப்பூச்சி உங்களுக்கு முன்னால் வந்து தின்னாமல் இருந்தால். இந்த 40 கிலோவை ஐந்தில் ஒரு பங்கு மெழுகு என்ற கணக்கில் எண்ணெயோடு கலந்தால் 200 கிலோ களிம்பு கிடைக்கும். கிரீஸ் தொழிலில் சின்ன கெட்டில் என்று சொல்லப்படுவதே ஒரு தடவைக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு வருடத்து மெழுகு ஒரே நாளில் காலி, மீதி 364 நாளும் லோனுக்கு வட்டி கட்டிக்கொண்டு ரப்பர் தளிர்த்துத் தேன் வருகிற அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மற்ற தேன்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம், ஓரளவு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கிப் பெட்டித் தேனீயைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து நம் மேற்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி உண்டு, 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இதே ஊரில்தான் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் என்ற தேனீ நோய் வந்து பெட்டி பெட்டியாகப் புழு செத்தது, பலர் பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அப்பாவைக் கேட்டால் அந்த நாற்றம் வரை சொல்வார். உயிருள்ள ஒன்றை நம்பி மூலப்பொருள் கணக்குப் போட்டுக் கடன் வாங்குவதற்கு முன்னால் அதை நினைக்க வேண்டும்.

சரி, மெழுகு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். களிம்பு வேலை செய்யுமா? நானே செய்து பார்த்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், உங்களைப் போலவே எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு தேங்காய் எண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி ஆறவைத்தால் அழகான மஞ்சள் களிம்பு, வாசனையும் பிரமாதம். நண்பர் ஒருவர் ஏத்தங்காய் சிப்ஸும் மரச்சீனி சிப்ஸும் போடுகிறவர், அவருடைய சீவுகிற மெஷினின் செயினுக்கும் இரண்டு பித்தளை புஷ்ஷுக்கும் அதைத் தடவினேன். முதல் வாரம் சத்தமே இல்லை. மூன்றாவது வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மரச்சீனி மாவும் களிம்பும் சேர்ந்து செயின் கண்ணிகளுக்குள் பசை மாதிரி இறுகியிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அப்பளம் போலப் பெயர்ந்து வருகிறது. புஷ்ஷைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் துடைத்தேன், விரல் நுனி பச்சை. சீவுகிற இடத்தில் எப்போதும் ஈரம்; ஈரம் பட்டதும் எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம் பிரிந்திருக்கிறது, அமிலம் பித்தளையில் இருக்கிற செம்பைத் தின்று பச்சை சோப்பாகியிருக்கிறது. வெண்கல உருளியில் பழைய எண்ணெய் தங்கினால் பச்சை பிடிக்குமே, அதே சங்கதிதான். புஷ் மாற்றிய காசு என் கையிலிருந்து போனது.

கிரீஸ் என்றால் கெட்டியான எண்ணெய் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பஞ்சு மாதிரி. உள்ளே நார் நாராக ஒரு வலை, அந்த வலை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரிங் உருளும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும், நின்றதும் திரும்ப வாங்கிக்கொள்ளும். உணவு ஆலை கிரீஸில் அந்த வலைக்குப் பெரும்பாலும் அலுமினியம் காம்ப்ளெக்ஸோ கால்சியம் சல்ஃபோனேட்டோ போடுகிறார்கள், எண்ணெய்க்குச் சுத்திகரித்த வெள்ளை மினரல் ஆயில் அல்லது செயற்கை எண்ணெய். தேன்மெழுகு அப்படி வலை கட்டாது, சின்னச் சின்னப் படிகமாக உறையும், சூடு வந்தால் மொத்தமாக விட்டுவிடும். சுத்த மெழுகு உருகுவதே 62 முதல் 64 டிகிரியில். தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் அதற்கு முன்னாலேயே இளகி ஓடும். அண்டி ஆபீஸில் பருப்பு காய வைக்கிற போர்மாவின் சூட்டில் உங்கள் களிம்பு ட்ராலி சக்கரத்திலிருந்து சொட்டும். ஐஸ் பிளான்டிலோ நேர் எதிர்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும், அங்கே உப்புத் தண்ணீர்த் தொட்டி பூஜ்யத்துக்கும் கீழே. ஒரு இடத்தில் ஓடுகிறது, இன்னொரு இடத்தில் கல்லாகிறது. தேங்காய் எண்ணெய் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால் சூரியகாந்தி எண்ணெய் மாதிரிச் சீக்கிரம் பிசினாகாது. எண்ணெய் மில்காரர்கள் கீழே சிந்தினாலும் பரவாயில்லை என்கிற இடங்களில் தேங்காய் எண்ணெயையே விட்டுக்கொள்கிறார்கள், அது புத்திசாலித்தனம்தான். தினமும் விட ஆள் இருக்கிறது, எண்ணெயும் சொந்த எண்ணெய். டப்பாவில் அடைத்து ஆறு மாதம் உழைக்கும் என்று எழுதி விற்பது வேறு கதை.

சர்டிபிகேட் கேட்டிருந்தீர்கள். துபாயில் டப்பா மேல் ஹெச்1 என்று பார்த்திருப்பீர்கள். முன்பு அமெரிக்க விவசாயத் துறை இந்த லூப்ரிகன்ட்களைப் பரிசீலித்துப் பட்டியல் போட்டது, 1998இல் அதை நிறுத்தியது, அதற்கப்புறம் என்எஸ்எஃப் என்ற அமைப்பு பதிவு கொடுக்கிறது. ஹெச்1 என்றால் தவறிப்போய் உணவில் பட்டாலும் பரவாயில்லை என்கிற வகை. ஹெச்2 உணவு இருக்கிற பக்கமே வரக்கூடாது. ஹெச்3 கொக்கி, ட்ராலி துருப்பிடிக்காமல் தடவித் துடைக்கிறது. 3ஹெச் என்று ஒன்று உண்டு, அச்சிலும் தட்டிலும் ஒட்டாமல் இருக்கத் தடவுவது. ஹெச்1 பதிவுக்கு உள்ளே போடுகிற ஒவ்வொரு பொருளும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற சாதாரண லித்தியம் கிரீஸ் அதில் தேறாது. ஐஎஸ்ஓ 21469 இன்னும் ஒரு படி மேலே, தயாரிக்கிற இடத்தையே வந்து பார்ப்பார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது, கிரீஸுக்குக் கொடுப்பதில்லை. யாராவது ‘எஃப்எஸ்எஸ்ஏஐ அப்ரூவ்டு கிரீஸ்’ வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். உங்கள் கன்சல்டன்ட் அப்படி ஏதும் சொல்லவில்லையே?

வேடிக்கை என்னவென்றால், உங்கள் களிம்பு ஹெச்1 பதிவில் தேறிக்கூட விடலாம். தேன்மெழுகு உணவில் 901 என்ற எண்ணோடு அனுமதிக்கப்பட்ட பொருள், தேங்காய் எண்ணெயைக் கேட்கவே வேண்டாம். காகிதத்தில் பாஸ், பேரிங்கில் ஃபெயில். அந்த மாதிரிச் சரக்கை விற்பதுதான் இந்தத் தொழிலிலேயே பெரிய ஆபத்து, ஏனென்றால் மெஷின் நின்ற அன்றைக்கு யாரும் சர்டிபிகேட்டைப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். சந்தை வளர்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் ‘இயற்கை மெழுகு’ என்று ஒரே மூட்டையில் அவர்கள் கட்டுவது என்னென்ன என்று பாருங்கள். பிரேசிலின் வடகிழக்கில் ஒரு பனை ஓலையிலிருந்து உதிர்கிற கார்னாபா, அது 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், மிட்டாய்ப் பளபளப்பிலிருந்து கார் பாலிஷ் வரை போகும். மெக்சிகோ பாலைவனத்துச் செடியிலிருந்து கேண்டலில்லா. சோயா மெழுகு, அமெரிக்காவில் வாசனை மெழுகுவர்த்திக்கு. தவிட்டு எண்ணெய் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற தவிட்டு மெழுகு, அது நம் நாட்டிலேயே கிடைக்கிறது. இதற்கெல்லாம் நடுவில்தான் தேன்மெழுகு. வளர்ச்சிக்குக் காரணங்களும் ஒன்றுக்கொன்று முரண். பழைய வகை லூப்ரிகன்ட் ஆயில் சுத்திகரிப்பு ஆலைகள் உலகம் முழுக்க ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, பாரஃபின் மெழுகு அந்த ஆலைகளின் துணைப்பொருள், அதனால் பாரஃபின் குறைகிறது, வாங்குகிறவர்கள் வேறு மெழுகு தேடுகிறார்கள். இது உங்களுக்குச் சாதகம். இன்னொரு பக்கம் லிப்பாம், கிரீம் கம்பெனிகள் ‘வீகன்’ (விலங்குப் பொருள் சேராதது) என்று போட ஆசைப்பட்டுத் தேன்மெழுகையே எடுத்துவிட்டு கேண்டலில்லாவும் தவிட்டு மெழுகும் போடுகின்றன, அந்த வளர்ச்சியும் அறிக்கை சொல்கிற அதே வளர்ச்சிக் கணக்குக்குள்தான் இருக்கிறது. அது உங்கள் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிற வளர்ச்சி. தேன்மெழுகுத் துணி என்று ஒன்று, பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் சாப்பாடு பொதிய, வெளிநாட்டில் நன்றாகப் போகிறது. வாழையிலை கொல்லைப்புறத்தில் வளர்கிற ஊரில் அதை யார் வாங்குவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். வடசேரித் துணியில் செய்து வெளியூருக்கு அனுப்பினால் ஒருவேளை.

லூப்ரிகன்ட் பக்கம் வளர்ச்சியின் காரணம் இன்னும் எளிது: ஆடிட். ஐரோப்பாவில் உணவுக்குள் மினரல் ஆயில் கலப்பது பற்றிப் பெரிய கவலை, அதிலும் அரோமாட்டிக் வகை. அங்கே வாங்குகிற கம்பெனி இங்கே பருப்பும் மீனும் அனுப்புகிறவரைக் கேட்கிறது, அவர் தன் ஃபிட்டரைக் கேட்கிறார், ஃபிட்டர் முழிக்கிறார். ஹெச்1 எண்ணெய்க்கே உணவில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வரைதான் அனுமதி. ஏற்றுமதி முந்திரிப் பருப்பு டின் 11.34 கிலோ, அதில் 10 பிபிஎம் என்றால் ஏறக்குறைய இரண்டு மிளகு அளவு கிரீஸ். அவ்வளவுதான் தாங்கும், அதுவும் அனுமதித்த கிரீஸாக இருந்தால். அதனால்தான் உள்ளே இருக்கிற சரக்கைப் போலவே கூட வருகிற தாளுக்கும் காசு கொடுக்கிறார்கள்: எந்த லாட், எந்தத் தேதி, எந்த மெஷினில் எந்தப் பாயின்டில் யார் அடித்தது.

ஒரு இடம் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கடற்கரைப் பக்கத்தில் மீன் பதப்படுத்துகிற ஒரு யூனிட். ஐஸ் பார் தூக்குகிற மேல் கிரேன், அதன் செயின் ஐஸ் கேன்களுக்கு நேர் மேலே ஓடுகிறது. அந்தச் செயினுக்கு வருடக்கணக்கில் லாரியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயில்தான். ஆடிட் தேதி வந்ததும் நான் கொடுத்த ஹெச்1 கிரீஸ் கார்ட்ரிட்ஜ் பத்து வாங்கி அலமாரியில் அழகாக அடுக்கினார்கள். ஆடிட்டர் பெண் வந்தார், அலமாரியைப் பார்த்தார், தலையாட்டினார், அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து கிரேன் பேரிங்கின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் வெள்ளைக் கிரீஸும் அதற்கு நடுவே கறுப்பு வரியும். ஒரே கிரீஸ் கன்னில் பழையது பாதி இருக்க, புதியதை மேலே போட்டு அடித்திருக்கிறார் ஃபிட்டர். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை, பில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வேறு வலை கொண்ட கிரீஸைக் கலந்தால் சில நேரம் இரண்டும் சேர்ந்து தண்ணீராக இளகிவிடும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

உங்கள் தொழில் அங்கே இருக்கிறது, தம்பி. ஏழு வருடம் பாட்டில் ஆலையில் எந்த நிறக் கன் எந்த லைனுக்கு என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தவர் நீங்கள். இந்த மாவட்டத்தில் அந்தப் பழக்கம் கையில் இருக்கிறவர்கள் மிகக் குறைவு. சரக்கு நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை, க்ளூபர் மைசூருவிலேயே ஆலை வைத்திருக்கிறது, ஃபுக்ஸ், மொபில் எல்லாவற்றுக்கும் டீலர் உண்டு, இந்தியக் கம்பெனிகளும் நல்ல ஹெச்1 தருகின்றன. ஒரு யூனிட்டுக்குப் போங்கள். முதல் நாள் விற்காதீர்கள், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எண்ணெய் படுகிற பாயின்ட் அத்தனையையும் எழுதுங்கள், அதில் உணவுக்கு மேலேயும் பக்கத்திலேயும் இருப்பது எத்தனை என்று பிரியுங்கள். பாதிக்கு மேல் உணவுக்கு எட்டாத இடமாகத்தான் இருக்கும், அங்கே விலை குறைந்த கிரீஸே போதும் என்று நீங்களாகச் சொன்னீர்கள் என்றால் முதலாளி உங்களை நம்பிவிடுவார். மீதிப் பாயின்டுக்குத் தனி நிறத்தில் கன், நிப்பிளில் அதே நிற மூடி, பழைய கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டுப் புதியது, மாதம் ஒரு தடவை நேரில் வந்து அடித்துவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்து. மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஏற்றுமதி செய்கிற அண்டி ஆபீஸ் நாலு, மீன் யூனிட் இரண்டு பிடித்தால் போதும், முதலீடு கன், ட்ரம், ஒரு பழைய ஆம்னி. என் கணக்கில் இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். உள்ளூர் சிப்ஸ் கடையும் பேக்கரியும் இப்போதைக்கு உங்களுக்குக் காசு தரமாட்டார்கள், அவர்களை யாரும் துணி வைத்துத் துடைத்துப் பார்ப்பதில்லை. அதை நினைத்து வருத்தம்தான், ஆனால் வருத்தத்தை நம்பித் தொழில் போட முடியாது.

இனி மெழுகு. 40 கிலோவைக் கிரீஸுக்குள் புதைக்காமல் மெழுகாகவே விற்கலாம், நல்ல விலைக்கு. ஆனால் இன்றைக்கு நம் ஊர் மெழுகு வியாபாரியிடம் எப்படிப் போகிறது என்று பார்த்திருக்கிறேன்: கறுத்த உருண்டை, உள்ளே தேனீச் சிறகு, அடியில் மண். அதைப் பார்த்து அவர் சொல்கிற விலைதான் விலை. சீவல் மெழுகையும் பழைய அடை மெழுகையும் சேர்த்து உருக்கவே கூடாது, அது முதல் விதி, கலந்தால் நல்லதும் கறுப்பாகிவிடும். உருக்கத் துருப்பிடித்த டின்னோ செம்புப் பாத்திரமோ ஆகாது, இரும்பு பட்டால் சாம்பல் ஓடும், செம்பு பட்டால் பச்சை. எவர்சில்வரோ அலுமினியமோ எடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் மெழுகு நுரைத்துப் பஞ்சாகும், அதனால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? நேர் நெருப்பு வேண்டாம், வெந்நீருக்குள் பாத்திரம் வைத்து 85 டிகிரி தாண்டாமல் உருக்கி, துணியில் வடிகட்டி, பாத்திரத்தைச் சாக்கால் போர்த்தி இரவு முழுக்க மெதுவாக ஆற விடுங்கள். எவ்வளவு மெதுவாக ஆறுகிறதோ அவ்வளவு தூசு அடியில் படியும். காலையில் வில்லையைத் திருப்பி அடிப்பாகத்தைச் சுரண்டிவிட்டால் எலுமிச்சை மஞ்சளில் மேல் பாகம் நிற்கும். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு எண், எந்தத் தோட்டத்துப் பெட்டி, எந்தத் தேதி. இதற்கும் நோட்டுதான், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய வாங்குபவர் லேபில் போட்டுப் பார்ப்பார். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். தேன்மெழுகுக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிற அமில எண் (மெழுகில் எவ்வளவு அமிலம் என்று காட்டுகிற அளவு) 17 முதல் 24. அது இத்தாலித் தேனீயின் மெழுகுக்கு. நம் அடுக்குத் தேனீயின் மெழுகில் அது இயல்பாகவே பத்துக்குக் கீழேதான் நிற்கும். விவரம் தெரியாத லேப் பையன் ‘கலப்படம்’ என்று எழுதி அனுப்பிவிடுவான். விற்கும்போதே பில்லில் எந்தத் தேனீ என்று எழுதுங்கள், ரிப்போர்ட்டையும் நீங்களே எடுத்துக் கூட வையுங்கள். அதேபோல் ஹைட்ரோகார்பன் கொஞ்சம் காட்டும், சுத்தமான தேன்மெழுகிலேயே ஏழில் ஒரு பங்கு அளவுக்கு அது இயற்கையாக உண்டு, பாரஃபின் கலந்தால் அதைத் தாண்டி ஏறும். நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: இத்தாலித் தேனீ வளர்க்கிற நாடுகளில் வர்ரோவா உண்ணிக்குப் போடுகிற மருந்து மெழுகில் வருடக்கணக்கில் தங்கிவிடும், நம் தேனீ அந்த உண்ணியைத் தானே தட்டிவிடும், அப்பா அந்த மருந்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்காக ‘ரசாயனமே இல்லை’ என்று லேபிளில் அடித்துவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் தளிர்க் காலத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவுகிறார்கள், மழைக்கு முன்னால் காப்பர் ஆக்சிகுளோரைடை ஸ்ப்ரே ஆயிலில் கலந்து அடிக்கிறார்கள், அந்த ஆயிலும் மினரல் ஆயில்தான். எந்தத் தோட்டத்தில் எப்போது அடித்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்து, ஒரு மாதிரியை லேபில் கொடுத்துப் பார்த்த பிறகு பேசுங்கள்.

யாருக்கு விற்பது? 40 கிலோவுக்குப் பெரிய கம்பெனி வேண்டாம். கன்னியாகுமரியில் டூரிஸ்டுக்கு விற்கிற சிரட்டை அகப்பை, கோப்பை எல்லாம் வார்னிஷ் அடித்து மினுங்குகின்றன, சாம்பாருக்குள் வார்னிஷ் அகப்பையை விடுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். உங்கள் மஞ்சள் களிம்பு, நான் செயினில் தடவி அசிங்கப்பட்டேனே அதே களிம்பு, சிரட்டைக்கும் மரக்கரண்டிக்கும் வெட்டுப் பலகைக்கும் கனகச்சிதம். அங்கே சுமையும் இல்லை, சுழற்சியும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தடவித் துடைத்தால் போதும். சிரட்டைவேலை செய்கிறவர்களுக்குக் கிலோக் கணக்கிலும், வாங்கிப் போகிறவர்களுக்கு 50 கிராம் டப்பாவிலும். களிம்பு போடுகிற சித்த வைத்தியர்கள் சுத்த மெழுகு கிடைக்காமல் அலைகிறார்கள், அவர்களும் வாங்குவார்கள். கோயில், சர்ச் மெழுகுவர்த்திக்குப் பழைய அடையின் கறுத்த மெழுகு போகட்டும். அண்டி ஆபீஸில் முந்திரித் தோடு (ஓடு) உடைக்கிற பெண்கள் கைக்கு எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், தோட்டின் பால் பட்டுக் கை வெந்துபோகாமல் இருக்க. அவர்களுக்குக் களிம்பு விற்கலாமே என்று எனக்கும் தோன்றியது, ஆனால் உடம்பில் தடவுகிற பொருள் என்று வந்துவிட்டால் காஸ்மெடிக் லைசென்ஸ் வேண்டும், தவிர அந்தக் கைகளுக்கு முதலில் வேண்டியது முதலாளி வாங்கித் தர வேண்டிய கையுறை. பழத்துக்கு மெழுகு பூசுவதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ தேன்மெழுகை அனுமதிக்கிறது, லேபிளில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பக்கம் போகாதீர்கள், நம் மட்டிப்பழத்துக்கு எவனும் மெழுகு பூசப் போவதில்லை.

லோன் என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வீஸ் வேலையில் ஆறு யூனிட் ஒரு வருடம் ஓடி, அவர்கள் உங்களிடம் கேட்கிற சரக்கில் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், உதாரணமாகத் தட்டில் ஒட்டாமல் தடவுகிற 3ஹெச் வகை, அப்போது மெழுகும் தேங்காய் எண்ணெயும் உண்மையிலேயே பொருந்துகிற இடம் அதுதான், அன்றைக்கு நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்துக்கு நீங்களே நேரில் போங்கள், ஃபைல் போட நடுவில் ஆள் தேவைப்படாது.

அதுவரை ஒரு வேலை. அப்பா இந்த வருட மெழுகை எந்தப் பாத்திரத்தில் உருக்கினார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய பெயின்ட் டின் என்றால் அந்த லாட்டை அப்படியே மெழுகுவர்த்திக்குத் தள்ளிவிட்டு, ஜனவரியில் ரப்பர் தளிர்க்கும்போது எவர்சில்வர் பாத்திரத்தோடு ஒன்றாம் எண் வில்லையிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.